படித்த மெயில் எங்கே போச்சு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதி அலுவலகங்களில் மெயில்தான் ஆவணம். பையர் லேப் டிப்புக்கு (சாயமிட்ட மாதிரித் துணிக்கு) சம்மதம் சொன்னது, அளவை மாற்றச் சொன்னது, ஷிப்மென்ட் தேதியைத் தள்ளிப்போட்டது எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு தகராறு வந்தால் அந்த மெயிலைத் தேடி எடுத்துக் காட்டினால்தான் பணம் கைக்கு வரும். ஆனால் அதே மெயில் பெட்டியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு தரம், போனில் ஒரு தரம், வீட்டு லேப்டாப்பில் ஒரு தரம் என்று திறக்கிறோம். ஓரிடத்தில் படித்தது இன்னோரிடத்தில் படிக்காததாக நிற்கிறது. ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்தில் காணோம்.

இந்தப் புகார்களுக்காகவே நான் அலுவலகம் அலுவலகமாகப் போய்வருகிறேன். பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. மூலப்பிரதி சர்வரில் இருக்கிறதா, மெஷினில் இருக்கிறதா என்று யாரும் முடிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். அந்த முடிவு தெளிவாகிவிட்டால் கீழே உள்ள சிக்கல்களில் முக்கால்வாசி தானாக அடங்கிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்னால்

முதலில் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். சர்வரில் உண்மையில் என்ன இருக்கிறது என்று காட்டுவது அது ஒன்றுதான். அவுட்லுக் போன்ற மெயில் மென்பொருளும் போனும் காட்டுவது அவற்றின் கையிலுள்ள பிரதியை.

அடுத்து, ஒவ்வொரு மெஷினிலும் அக்கவுண்ட் செட்டிங்ஸில் உள்ள இன்கமிங் சர்வரின் போர்ட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 110 அல்லது 995 என்றால் பாப். 143 அல்லது 993 என்றால் ஐமேப். சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் இரண்டு முறைகள் இவை. அந்த முகவரியைத் திறக்கும் கருவிகள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதுங்கள். போன வருடம் வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப், பேக்கிங் பிரிவில் பிரிண்ட் எடுக்க வைத்த பழைய மெஷின், முதலாளியின் இரண்டாவது போன் எதையும் விடாதீர்கள். நான் பார்த்தவரை குற்றவாளி பெரும்பாலும் எல்லோரும் மறந்துபோன மெஷின்தான்.

பாப், ஐமேப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஐமேப் என்பது ஆபீஸில் ஒரே பேரேடு வைத்து எல்லோரும் அதிலேயே எழுதுவது. பாப் என்பது ஆளாளுக்குத் தங்கள் நோட்டில் நகலெடுத்துக்கொள்வது. ஐமேப்பில் 'படித்தது' என்ற குறி சர்வரிலேயே மெயிலோடு ஒட்டியிருக்கும். பாப் நெறிமுறையில் அப்படி ஒரு குறியே கிடையாது. 1996இல் வெளியான அதன் விதித்தொகுப்பில் பட்டியல் கேட்பது, மெயிலை இறக்குவது, அழிப்பது போன்ற சில கட்டளைகள்தான் உண்டு. இன்பாக்ஸைத் தவிர வேறு ஃபோல்டரும் அதன் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கடைசி விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் ஒரு இடத்தில் உதவும்.

"போனில் படிச்சுட்டேன், ஆபீஸ் மெஷின்ல இன்னும் படிக்காத மாதிரியே நிக்குது"

இரண்டில் ஒன்று பாப்பில் இருக்கிறது. அதில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் படித்த குறி போய்ச் சேராது. சேரும் வழியே அதில் இல்லை. அந்தக் கருவியை ஐமேப்புக்கு மாற்றுவதுதான் தீர்வு. ஆனால் பாப் அக்கவுண்டை உடனே நீக்கிவிடாதீர்கள். அதிலுள்ள மெயில் அந்த மெஷினில் மட்டும்தான் இருக்கக்கூடும். எப்படி மாற்றுவது என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

இரண்டுமே ஐமேப்பாக இருந்தும் குறி சேரவில்லை என்றால், போன் பின்னணியில் சர்வரைத் தொடாமல் இருக்கும். பேட்டரி சேமிப்பு அந்த மெயில் செயலியைத் தூங்க வைத்திருக்கிறதா பாருங்கள். செயலியைத் திறந்து இழுத்துப் புதுப்பித்ததும் குறி சேர்ந்துவிட்டால் காரணம் அதுதான்.

"ரெண்டு வாரத்துக்கு முந்தின மெயில் எதுவுமே போனில் இல்லை"

'இரண்டு வாரம்' என்று சொன்ன உடனே எனக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் பாப் அக்கவுண்டுக்கு 'சர்வரில் ஒரு பிரதியை விட்டுவை' என்றொரு தேர்வும், அதன் கீழே 'இத்தனை நாள் கழித்து நீக்கு' என்றொரு தேர்வும் இருக்கும். அங்கே நிற்கும் எண் வழக்கமாக 14. எங்கோ ஒரு மெஷின் பாப்பில் மெயிலை இறக்கிக்கொண்டு, 14 நாள் ஆனதும் சர்வரில் அழித்துவருகிறது. போன் சர்வரைப் பார்க்கிறது, சர்வரில் இல்லாததை எப்படிக் காட்டும்?

நல்ல செய்தி, மெயில் தொலையவில்லை; அந்த மெஷினில் பத்திரமாக இருக்கிறது. தாளில் எழுதிய பட்டியலை வைத்து அந்த மெஷினைக் கண்டுபிடியுங்கள். முதல் வேலையாக நாள் கணக்குத் தேர்வை எடுத்துவிட்டு, 'சர்வரில் விட்டுவை' என்பதை மட்டும் வையுங்கள். இனிமேல் அழியாது.

அப்புறம் பழையதைச் சர்வருக்கு ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் வெப்மெயிலில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். கம்பெனி டொமைனுக்கு வாங்கிய சிறிய ஹோஸ்டிங் திட்டம் என்றால் பத்து வருட மெயில் அதில் கொள்ளாது. ஜிமெயில் இலவசக் கணக்கில் 15 ஜிபி உண்டு, ஆனால் அதை டிரைவும் போட்டோஸும் சேர்ந்துதான் பங்குபோடுகின்றன. இடம் நிறைந்தால் பையர் அனுப்பும் புது மெயிலே திரும்பிப் போய்விடும். அவருக்குப் போகும் அறிவிப்பில் 5.2.2 என்ற எண் இருந்தால் பெட்டி நிறைந்துவிட்டது என்று பொருள்.

இடம் இருந்தால் அதே மெஷினில், அதே முகவரிக்கு ஐமேப் அக்கவுண்ட் ஒன்றைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வர் பக்கத்தில் '2023', '2024' என்று ஃபோல்டர்களை உருவாக்குங்கள். பாப் இன்பாக்ஸிலிருந்து சில நூறு மெயில்களாகத் தேர்ந்தெடுத்து அங்கே நகலெடுங்கள். இழுத்துப் போட்டால் நகர்ந்துவிடும், 'காப்பி' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐமேப்பில் மெயிலைச் சர்வருக்கு ஏற்றும் கட்டளை படித்த குறியையும் பெற்ற தேதியையும் கூடவே கொண்டுபோக வழி செய்கிறது. ஆனால் எல்லா மென்பொருளும் தேதியை அனுப்புவதில்லை. அதனால் முதலில் பத்து மெயில் மட்டும் ஏற்றி, போனில் எந்தத் தேதியோடு தெரிகிறது என்று பாருங்கள். எல்லாம் இன்றைய தேதியில் வந்து நின்றால் வேறு மென்பொருளை வைத்து ஏற்றுவது நல்லது. அனுப்பிய மெயில்களையும் மறக்காதீர்கள். தகராறில் பாதி நேரம் நாம் என்ன பதில் எழுதினோம் என்பதுதான் கேள்வியாக வரும்.

எல்லாம் ஏறிய பிறகு வெப்மெயிலில் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பொருந்தினால், பழைய பிஎஸ்டி கோப்பை (அவுட்லுக் மெஷினில் மெயிலைச் சேமிக்கும் கோப்பு) வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, அப்போது பாப் அக்கவுண்டை நீக்குங்கள்.

"நான் திறக்கவே இல்லீங்ணா, பார்த்த மாதிரி காட்டுது"

இதுதான் அதிக நஷ்டம் செய்யும் புகார், ஆனால் அலட்சியமாக விடப்படுவதும் இதுதான். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர்கள் மூன்று பேரும் ஒரே பொது முகவரியை, ஒரே பாஸ்வேர்டில், ஐமேப் வழியாகத் திறந்துவந்தார்கள். ஐரோப்பிய பையரின் பதில்கள் நம் சாயங்காலத்தில் வரும். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒருவர் போனில் ஒரு மெயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார். காலையில் வந்த மற்ற இருவருக்கும் அது படித்த மெயிலாகத் தெரிந்தது. 'யாரோ பார்த்துட்டாங்க' என்று ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள். லேப் டிப்பை ஒரு ஷேடு குறைக்கச் சொன்ன மெயில் அது. டையிங்குக்குத் துணி போன பிறகுதான் தெரிந்தது.

ஐமேப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஒரே கணக்கில் மூன்று பேர் நுழைந்தால் சர்வருக்கு மூவரும் ஒரே ஆள்தான். படித்த குறியை 'வேலை முடிந்தது' என்ற அடையாளமாக வைத்துக்கொண்டதுதான் ஆபத்து. பொதுப் பெட்டியில் வேலையின் நிலையை ஃபோல்டரால் காட்டுங்கள். இன்பாக்ஸில் இருந்தால் இன்னும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தவர் தன் பெயரிலுள்ள ஃபோல்டருக்கு நகர்த்திவிட வேண்டும். பதில் போனதும் அந்த ஸ்டைல் அல்லது ஆர்டர் ஃபோல்டருக்கு. படித்ததா இல்லையா என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவே வேண்டாம். இதைவிட நல்லது, பொது முகவரிக்கு வருவதை ஒவ்வொருவரின் சொந்தப் பெட்டிக்கும் பிரதி அனுப்பும்படி சர்வரில் அமைத்துவிடுவது. அப்போது அவரவர் குறி அவரவருக்கு.

பெட்டியை ஒருவர் மட்டுமே திறந்தும் இந்தப் புகார் வந்தால், இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். பக்கவாட்டில் மெயிலைக் காட்டும் ரீடிங் பேன் திறந்திருந்தால், அம்புக்குறியை வைத்துக் கீழே இறங்கும்போதே ஒவ்வொன்றாகப் படித்ததாகிவிடும். அவுட்லுக்கில் 'தேர்வு மாறும்போது படித்ததாகக் குறி' என்பதை எடுத்துவிடுங்கள். தண்டர்பேர்டில் தானாகக் குறிப்பதற்கு 'காட்டியவுடன்', 'இத்தனை விநாடி காட்டிய பிறகு' என்ற இரண்டு தேர்வுகள் உண்டு, இரண்டாவதை வையுங்கள்.

அடுத்தது பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு பாப் மெஷின். பாப்பில் படித்த குறி இல்லை என்றேன். ஆனால் டோவ்காட் போன்ற சர்வர்கள், பாப் வழியாக ஒரு மெயில் முழுதாக இறங்கினால் தங்கள் பக்கத்தில் அதைப் படித்ததாகவே குறித்துக்கொள்ளும். ஜிமெயிலில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது: பாப்பில் இறங்கிய மெயிலை அப்படியே இன்பாக்ஸில் விடலாம், படித்ததாகக் குறிக்கலாம், ஆர்க்கைவ் செய்யலாம், அழிக்கலாம். அது எதில் நிற்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, மெயிலைத் தானாகப் படித்து ஆர்டர் விவரம் எடுக்கும் மென்பொருள். ஐமேப்பில் மெயிலின் உள்ளடக்கத்தை எடுத்தாலே படித்த குறி விழுந்துவிடும். குறி விழாமல் எட்டிப்பார்க்கத் தனி வடிவம் உண்டு, அதற்குப் பெயரே 'பீக்'. அதை எழுதிக்கொடுத்தவரிடம் பீக் பயன்படுத்தச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

"பழைய மெயிலெல்லாம் புதுசா மறுபடி இறங்குது"

ஆயிரக்கணக்கில், எல்லாம் படிக்காதவையாக, ஏற்கெனவே இருப்பதன் மேலேயே இரட்டையாக இறங்கும். பாப்பில் எதை ஏற்கெனவே இறக்கினோம் என்பதை மெஷின்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் தரும் தனி அடையாளத்தை ஒரு பட்டியலாக எழுதிவைக்கும். தண்டர்பேர்டில் அந்தக் கோப்பின் பெயர் பாப்ஸ்டேட். விண்டோஸை மறுபடி நிறுவினாலோ, அக்கவுண்டை நீக்கிச் சேர்த்தாலோ அந்தப் பட்டியல் போய்விடும். ஹோஸ்டிங்கை வேறு சர்வருக்கு மாற்றும்போது அடையாளங்களே மாறிவிட்டாலும் இதேதான்.

இறங்கத் தொடங்கிவிட்டதென்றால் உடனே ஆஃப்லைனுக்குப் போங்கள். பிறகு வெப்மெயிலில் நுழைந்து இன்பாக்ஸில் உள்ள பழைய மெயில்களை 'பழையது' என்று ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பாப்புக்கு இன்பாக்ஸ் மட்டும்தான் தெரியும் என்றேனே, அது உதவும் இடம் இதுதான். மீண்டும் ஆன்லைனுக்கு வந்தால் மிச்சமிருப்பது மட்டும் இறங்கும். ஹோஸ்டிங் மாற்றுவதாக இருந்தால், பாப் அடையாளங்களை அப்படியே வைத்திருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். டோவ்காட்டில் அதற்கு அமைப்பு உண்டு.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும்: ஜிமெயிலைப் பாப்பில் வைத்த இரண்டு மெஷின்களில் ஒன்றில் இறங்கிய மெயில் மற்றதில் வராது. பயனர் பெயர் கட்டத்தில் முகவரிக்கு முன்னால் 'ரீசன்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வையுங்கள். கடைசி 30 நாள் மெயில் இரண்டிலும் வரும்.

"லோக்கலுக்கு நகர்த்திட்டேன், சர்வரில் இடம் குறையவே இல்லை"

ஐமேப்பில் அழிப்பது இரண்டு படி. முதலில் 'அழிக்கப்பட வேண்டியது' என்று குறி விழும், பிறகு தனிக் கட்டளை வந்தால்தான் உண்மையில் நீங்கும். நகர்த்துவதற்கென்று ஒரே கட்டளை 2013இல்தான் ஐமேப்புக்கு வந்தது. அதுவும் சர்வருக்குள்ளேயே ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத்தான். உங்கள் டிஸ்க்குக்கு நகர்த்தினால் மென்பொருள் மெயிலை இறக்கிவிட்டுச் சர்வரில் அழிக்கும் குறியை மட்டும் போடும். மெயில்கள் குறுக்கே கோடு போட்டபடி நின்றால் பாதி வழியில் இருக்கின்றன என்று அர்த்தம். அவுட்லுக்கில் ஃபோல்டர் தாவலில் 'பர்ஜ்' கொடுங்கள். தண்டர்பேர்டில் ஃபோல்டரை 'கம்பேக்ட்' செய்யுங்கள்.

கோடு இல்லை, இடமும் குறையவில்லை என்றால் டிராஷைப் பாருங்கள். ஜிமெயிலில் இன்னொரு சங்கதி: இன்பாக்ஸ் என்பது அங்கே ஒரு லேபிள்தான். ஐமேப் வழியாக அங்கிருந்து எடுத்தால் லேபிள் மட்டும் போகும், மெயில் 'ஆல் மெயில்' பகுதியில் அப்படியே கிடக்கும். செட்டிங்ஸில் ஐமேப் பகுதிக்குப் போய், 'கடைசி ஃபோல்டரிலிருந்தும் நீக்கினால் டிராஷுக்கு அனுப்பு' என்று வையுங்கள். டிராஷில் 30 நாள் இருந்து பிறகு தானாக அழியும். இதை மாற்றுவதற்கு முன்னால் லோக்கல் பிரதி திறக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நகர்த்தும் வேலையையே நான் இரண்டாகப் பிரித்துத்தான் செய்யச் சொல்வேன்: முதலில் நகலெடு, சரிபார், மறுநாள் அழி. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் தொடங்கவே வேண்டாம். பாதியில் நின்றால் எது போனது, எது போகவில்லை என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. லோக்கல் பிஎஸ்டி கோப்பை ஆபீஸ் நெட்வொர்க் ஷேரில் வைத்து எல்லோரும் திறப்பதும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டே அப்படிப் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை, கோப்பு கெட்டுப்போகும்.

லினக்ஸ் சர்வரில் எல்லோருக்கும் மெயில் இறக்கும் இடங்கள்

கோவைப் பக்கம் சில கல்லூரிகளிலும் பழைய தொழிற்சாலைகளிலும், ஒரு லினக்ஸ் மெஷின் ஃபெட்ச்மெயில் வைத்து வெளிச் சர்வரிலிருந்து மெயிலை இறக்கி உள்ளூர்ப் பெட்டிகளில் போடும் ஏற்பாடு இருக்கும். அங்கே வரும் புகார்: 'சில மெயில் மட்டும் உள்ளே வர்றதில்லை'. எந்த மெயில் என்று விசாரித்தால், போனில் ஏற்கெனவே படித்தவையாக இருக்கும். ஃபெட்ச்மெயில் ஐமேப்பில் படிக்காதவற்றை மட்டும்தான் எடுக்கும். போன் முந்திக்கொண்டால் அது கண்ணில் படாது.

'ஃபெட்ச்ஆல்' போட்டால் எல்லாம் வரும். ஆனால் சர்வரில் விட்டுவைக்கும் 'கீப்' தேர்வும் கூட இருந்தால், ஒவ்வொரு தடவையும் மொத்தப் பெட்டியும் திரும்ப இறங்கும். 'கீப்' இல்லாவிட்டால், இறங்கியதைச் சர்வரில் அழிப்பதுதான் ஃபெட்ச்மெயிலின் இயல்பு; போனில் மெயில் மறைந்துவிடும். 'ஃபிளஷ்' தேர்வு எங்காவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது படித்த மெயிலைப் புதியதை இறக்கும் முன்பே சர்வரில் அழிக்கும். போனில் படித்து, உள்ளே இன்னும் இறங்காத மெயில் அத்தோடு போச்சு. போனும் வேண்டும், உள்ளூர்ப் பிரதியும் வேண்டும் என்றால் ஃபெட்ச்மெயிலை விட்டுவிட்டு, இரு பக்கமும் குறிகளை ஒத்திசைக்கும் எம்பிசிங்க் போன்ற கருவிக்கு மாறுங்கள்.

மட் என்ற டெர்மினல் மெயில் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. வெளியேறும்போது 'படித்த மெயில்களை நகர்த்தவா' என்று கேட்டு நீங்கள் ஆம் சொன்னால், அவை ஹோம் டைரக்டரியில் உள்ள எம்பாக்ஸ் கோப்புக்குப் போய்விடும். காணாமல்போன மெயிலை முதலில் அங்கே தேடுங்கள். இன்பாக்ஸ் சர்வரில் இருந்தால் எம்பாக்ஸையும் சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டராகவே அமையுங்கள், அல்லது 'மூவ்' தேர்வை 'நோ' ஆக்கிவிடுங்கள்.

"எல்லாம் படிச்சாச்சு, ஆனா ஒண்ணு பாக்கின்னு காட்டுது"

பெரிய விஷயம் இல்லை, ஆனால் தினமும் கண்ணை உறுத்தும். தண்டர்பேர்டில் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுத்தால் அட்டவணையைப் புதிதாகக் கட்டும். அப்படியும் எண் போகவில்லை என்றால் 'படிக்காதவை மட்டும்' என்ற வடிகட்டியைப் போடுங்கள். தேதி தவறாக வந்த ஸ்பாம் ஒன்று, 1970ஆம் வருடத்தோடு பட்டியலின் ஒரு கோடியிலோ, வராத வருடத்தோடு மறுகோடியிலோ படிக்காமல் கிடக்கும். அதை அழித்துவிட்டு ஃபோல்டரைக் கம்பேக்ட் செய்யுங்கள்.